தெளிந்த நீரில் ஒளிந்திருக்கும் உணவு

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கொன்சா என்றொரு புல்வெளி இருக்கிறது. அங்கே சில புற்கள் ஆளையே மறைக்கும் உயரத்துக்கு வளரும். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் அந்த நிலத்தை உழ முடியவில்லை. அதனாலேயே புல்வெளி பிழைத்தது. பைசன் மாடுகள் மேயும் அந்த வெளியில் ஓடுகிறது கிங்ஸ் கிரீக் ஓடை.

அதன் நீரை ஒரு குவளையில் மொண்டு பாருங்கள். எதுவுமே தெரியாது. ஆனால் அதில் உணவு இருக்கிறது! தேயிலையிலிருந்து சாறு இறங்குவதுபோல, மழைநீர் பட்ட காய்ந்த புல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் கார்பன் உள்ள பொருள்கள் கரைந்து ஓடைக்கு வருகின்றன. நுண்ணிய வடிதாளில் வடித்தாலும் தங்காமல் நீரோடு போய்விடும் இவற்றுக்குக் கரைந்த கரிம கார்பன் என்று பெயர்.

இதை யார் சாப்பிடுவது? ஓடைக்கல்லைத் தொட்டால் வழுக்கும் அல்லவா? அந்தப் படலத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கின்றன. பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. நொதிகளை வெளியே விட்டுப் பெரிய மூலக்கூறுகளைத் துண்டாக்கி, உடலின் மேற்பரப்பு வழியே உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும். தண்டுக்கு உறுதி தரும் லிக்னினிலிருந்து வந்தவை எளிதில் மசியாமல் நெடுந்தூரம் போகும். வழியில் வெயிலும் அவற்றைக் கொஞ்சம் உடைத்துக் கொடுக்கும். உறிஞ்சிய கார்பனில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாக வெளியேற, மீதி பாக்டீரியாவின் உடலாகிறது. அந்தப் படலத்தை நத்தையும் பூச்சிகளின் இளம்புழுக்களும் சுரண்டித் தின்ன, புழுக்களை மீன் தின்கிறது. புல்லில் இருந்த கார்பன் மீனுக்குள் போய்விட்டது!

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான். காட்டில் பிறக்கும் ஓடைகள் மர நிழலில் தொடங்கி, அகலமாகும்போது வெயிலுக்கு வரும். கிங்ஸ் கிரீக்கில் எல்லாம் தலைகீழ். மேலே மரமில்லாத புல்வெளி. வெயிலில் பாசி செழித்து, தான் தயாரித்த கார்பனில் கொஞ்சத்தை நீரில் கசியவிடும். கீழே ஓக் மரங்களின் நிழல். அங்கே உதிர்ந்த இலைகளின் சாறு நீரில் சேர்கிறது. ஒரே ஓடை, இரண்டு சாப்பாடு!

இப்போது புதர்களும் மரங்களும் கரையோரமாக மேல்நோக்கிப் பரவி, புல்வெளிப் பகுதியிலும் நிழல் விழச் செய்கின்றன. ஓடையின் சாப்பாடு மாறுமா? இதை அறியத்தான் ஆய்வாளர்கள் கரையில் ஒரு பகுதியின் மரங்களை வெட்டி நீக்கிவிட்டு, நீரைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.