‘லீவ் போடு... ஆனா லேப்டாப்பை எடுத்துட்டுப் போ!’ - டீமைக் கருகவிடாமல் காப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மாலையே சிலருக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். காரணம், மறுநாள் திங்கட்கிழமை. ‘ரெண்டு நாள் லீவ் போட்டா சரியாயிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். லீவும் போடுவார்கள். திரும்பி வந்த முதல் நாள் மதியமே பழைய களைப்பு தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். ஓய்வெடுத்தும் தீராத இந்தக் களைப்புக்குத்தான் ‘பர்ன் அவுட்’ என்று பெயர்.

1974-ல் இந்தச் சொல்லை உளவியல் துறைக்குள் கொண்டுவந்தவர், நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு சேவை செய்ய வந்தவர்கள், மெல்ல மெல்லக் கருகிப்போவதைப் பார்த்துத்தான் அவர் இதை எழுதினார். கவனியுங்கள், கருகியவர்கள் சோம்பேறிகள் அல்ல, ஈடுபாட்டோடு உழைத்தவர்கள்.

மூன்று அறிகுறிகள்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. தீராத களைப்பு, வேலை மீது விலகலும் கசப்பும், ‘என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது’ என்று குறைந்துபோகும் செயல்திறன். இதை ஒரு நோயாக அந்த நிறுவனம் சொல்லவில்லை. ‘சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு’ என்கிறது. அதாவது, பிரச்னை ஊழியரின் மனதில் மட்டும் இல்லை, வேலை நடக்கும் விதத்திலும் இருக்கிறது. அதனால்தான், வாரம் ஒருநாள் யோகா வகுப்பு வைத்துவிட்டு மற்ற ஆறு நாளும் பிழிந்தெடுத்தால் பலன் கிடைப்பதில்லை.

அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவிகிதம் அதிகம்.

டீம் லீடர் என்ன செய்யலாம்?

1. ஓடுகிறவர் மீதே ஏற்றாதீர்கள்

‘உழுகிற மாடு பரதேசம் போனால் அங்கொருவன் கட்டி உழுவான்’ என்பார்கள். எல்லா அலுவலகங்களிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவசர வேலை வந்தால் அவர் பெயர்தான் முதலில் வரும். வாரம் ஒருமுறை யார் கையில் என்னென்ன வேலை இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்துக் கருகப்போவது யார் என்று தெரிந்துவிடும்.

2. புதியது வந்தால், பழையது ஒன்று போகட்டும்

‘இதையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க’ என்பது மிக ஆபத்தான வாக்கியம். அதற்குப் பதிலாக, ‘இதை எடுத்துக்கிட்டா, எதைத் தள்ளிப்போடலாம்?’ என்று கேளுங்கள்.

3. இரவு 11 மணி மெசேஜை நிறுத்துங்கள்

‘நாளைக்குப் பார்த்தா போதும்’ என்று நீங்கள் எழுதினாலும், மேலதிகாரியின் மெசேஜைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர் குறைவு. மெயிலைக் காலையில் போகும்படி ‘ஷெட்யூல்’ செய்துவிடலாம். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை 2017-லேயே பிரான்ஸ் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் ஆஸ்திரேலியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

4. உட்கார நாற்காலி கொடுங்கள்

பர்ன் அவுட் ஐ.டி கம்பெனிகளின் சொத்து அல்ல. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே புடவை விரிப்பவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கும் இது உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. நாற்காலி போட்டால் மட்டும் போதாது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் முறைக்காத சூப்பர்வைசரும் வேண்டும். ஷிப்ட் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால், வீட்டு விசேஷத்தையும் பிள்ளையின் பள்ளிக் கூட்டத்தையும் அவர்கள் திட்டமிட முடியும்.

5. கெட்ட செய்தியைச் சொல்ல இடம் கொடுங்கள்

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோது ஓர் ஆச்சர்யம் காத்திருந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, பயமில்லாமல் வெளியே சொன்னதால்தான் என்பது பிறகு புரிந்தது. ‘என்னால முடியலை சார்’ என்று ஒருவர் சொல்லும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை மொத்த டீமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

6. பாராட்டில் பெயர் இருக்கட்டும்

‘குட் ஜாப் டீம்’ என்பது யாருக்கும் ஒட்டாது. ‘அந்தக் கஸ்டமரை நீங்க பொறுமையா கையாண்டதாலதான் ஆர்டர் நின்னது’ என்று சொல்லிப் பாருங்கள். பதவி உயர்விலும் இன்கிரிமென்ட்டிலும் பாரபட்சம் இருந்தால், எந்தப் பாராட்டும் எடுபடாது.

மத்தளத்தின் நிலை

இதையெல்லாம் படிக்கும் டீம் லீடர்கள், ‘எங்களை யார் கவனிக்கிறது?’ என்று கேட்பது நியாயம்தான். மேலே நிர்வாகம், கீழே டீம்... மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே இறக்காமல், ‘நாலு பேர் வேலையை மூணு பேர் செய்யறாங்க’ என்று கணக்கோடு மேலே சொல்வதும் தலைமையின் வேலைதான். லீவை முழுதாக எடுத்து, அன்று போனை அணைத்து வைக்கும் முதல் ஆள் நீங்களாகவே இருங்கள். அப்போதுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வாழ்வே வெறுத்துப்போன உணர்வு ஆகியவை தொடர்ந்தால், அது மேலாளர் சரிசெய்யக்கூடிய விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைப்பதை இன்றைக்கே செய்துவிடலாம்.