தலைவர் இல்லாத காலத்திலும் தண்ணீர் வந்தது

ஊராட்சி என்றால் நம்மில் பலருக்குத் தேர்தல் நாளில்தான் ஞாபகம் வரும். குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும், தெரு விளக்கு எரிகிற வரைக்கும், அதையெல்லாம் யார் நடத்துகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கொரோனாக் காலம்தான் நம்மைக் கேட்க வைத்தது. அதிலும் எங்கள் அணைக்கட்டுப் பக்கத்து நிலைமை கொஞ்சம் தனி. அதைச் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 மாலை தடை உத்தரவு வந்தபோது எங்கள் ஊராட்சிகளுக்குத் தலைவரும் கிடையாது, வார்டு உறுப்பினரும் கிடையாது. பழைய உறுப்பினர்களின் பதவிக் காலம் 2016-லேயே முடிந்துவிட்டது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வேலூர் மாவட்டத்தை அப்போதுதான் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்திருந்ததால் எங்களுக்குத் தேர்தல் இல்லை. அது 2021 அக்டோபரில்தான் வந்தது. நோயின் முதல் இரண்டு அலைகளையும் தனி அலுவலர் பொறுப்பில்தான் தாண்டினோம். ஊருக்குள் அன்றாடம் கண்ணில் பட்டவர்கள் ஊராட்சிச் செயலர், தண்ணீர் திறந்து விடுகிறவர், குப்பை வண்டிக்காரம்மா, இவ்வளவு பேர்தான்.

நிற்கக் கூடாத வேலைகள்

குடிநீர், தெரு விளக்கு, குப்பை அள்ளுவது, சாக்கடை, சுடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் கட்டாயக் கடமை என்றே 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஊரே கதவைச் சாத்தினாலும் இவை நடந்தாக வேண்டும்.

வீட்டில் எல்லோரும் இருக்க, மணிக்கொரு தரம் கைகழுவ, தண்ணீர்ச் செலவு எப்படி ஏறியது என்று நமக்குத்தானே தெரியும்! தெருக்குழாயில் கூட்டம் சேரக் கூடாதென்று சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். நாங்கள் குடத்தை வட்டத்தில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். "அக்கா, மேட்டுத் தெருவுக்கும் போவணும், சீக்கிரம் புடிங்க" என்று தண்ணீர் விடுகிற அண்ணன் குரல் கொடுப்பார். ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

துப்புரவுப் பணியாளர் என்று சொல்லிவந்தவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என அரசு அறிவித்ததும் அந்த 2020-ல்தான். பேர் மாறியது சந்தோஷம். ஆனால் நோயாளி வீட்டுக் குப்பையையும் அள்ளிய அந்தக் கைக்கு உறையும், முகத்துக்குத் துணியும்தான் முதலில் தேவைப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் தையல் மிஷினில் முகக்கவசம் தைத்தது பெரிய உதவி.

உருவம் மாறிய வேலைகள்

சில சேவைகள் நிற்கவில்லை, வேறு வழியாக வந்தன. ரேஷன் கடையில் நாள், நேரம் குறித்த டோக்கன் வந்தது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்கள். கம்பெனி மூடி, கூலி நின்ற அந்த மாதம் உலை கொதித்தது இந்த அரிசியால்தான். ஆம்பூரோ புது எல்லைப்படி வேறு மாவட்டம். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்ற தொல்லை 2020 செப்டம்பர் 1-ல்தான் ஒழிந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பஸ் அந்த 7-ஆம் தேதி ஓடியது.

அங்கன்வாடி மூடியதும் சத்துமாவு வீட்டுக்கு வந்தது. ஆனால் ஒரு விஷயம், மாவு வந்தாலும் அது குழந்தைக்கே போகிறதா என்று பார்க்க டீச்சர் பக்கத்தில் இல்லை. பசி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் பங்கு போயிற்று. மாதா மாதம் எடை போட்டுப் பார்ப்பதும் விட்டுப்போனது.

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை, பொய்கை மாட்டுச் சந்தை இரண்டும் அடங்கிக் கிடந்தன. ஒரு ஆட்டை விற்றுப் பள்ளிக்கூடச் செலவு பார்க்கிற வீடுகளுக்கு இது எப்படிப்பட்ட அடி!

மெள்ளத் திரும்பியவை

நூறு நாள் வேலை இடைவெளி விட்டு மறுபடி தொடங்கியபோது ஒரு நாள் கூலி 256 ரூபாய். புதன்கிழமைத் தடுப்பூசியும் திரும்ப வந்தது. இங்கே இளம் தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தவணை தள்ளிப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் தப்பு.

அங்கன்வாடியில் சூடான சாப்பாடு 2021 செப்டம்பர் 1-ல் திரும்பியது. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை பள்ளி திறந்தது நவம்பர் 1-ல். ஒன்றரை வருஷத்துக்கு மேல் சிலேட்டைத் தொடாத பிள்ளைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது. நோய்க்காலத்தில் வந்து, நோய் போன பிறகும் நிலைத்த நல்ல வழக்கம் இது.

யாரிடம் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் மோட்டார் கருகி நாலு நாள் தண்ணீர் இல்லை. தலைவர் வீடு என்று ஒன்று இருந்திருந்தால் குடத்தோடு போய் நின்றிருப்பார்கள். அந்தப் பெண்களுக்கு எந்த வாசலில் நிற்பதென்றே தெரியவில்லை. வேலைக்காரர்கள் உழைத்தார்கள், பணமும் அரிசியும் வந்தது, ஆனால் கேள்வி கேட்க ஒரு இடம் இல்லாமல் போயிற்று. 2020 அக்டோபர் 2-ல் கூட வேண்டிய கிராம சபையும் தமிழ்நாடு முழுக்க நடக்கவில்லை.

2022-லிருந்து கிராம சபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலண்டரில் குறித்து வையுங்கள். உலை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: மோட்டார் கெட்டால் மாற்று ஏற்பாடு என்ன? குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கையுறை கையிருப்பில் இருக்கிறதா? அங்கன்வாடி மூடினால் குழந்தையை எடை போட யார் வருவார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் திறக்கிறவர், ஊராட்சிச் செயலர், கிராம செவிலியர் மூவரின் போன் நம்பரையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிறது.