வீட்டுக் கணினியில் பழைய ஸ்கஸி வன்தட்டு

ஒருநாள் மாலை, சிம்பாங் ரெங்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு நண்பர் ஒருவர் வந்தார். இளமையில் சிங்கப்பூர் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தவர். துணிப்பையிலிருந்து செங்கல் அளவில் கனத்த உலோகப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், எங்கள் தோட்டத்துப் படங்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. அசல் படங்களைக் கறையான் தின்றுவிட்டது. லயமும் இன்று இல்லை. இதைத் திறந்து பார்க்க வழி உண்டா?" என்று கேட்டார்.

அந்தப் பெட்டி ஒரு பழைய ஸ்கஸி வன்தட்டு. அதை எங்கள் வீட்டுக் கணினியில் பொருத்தியபோது நாங்கள் கற்ற பாடங்களையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதற்கண், ஸ்கஸி என்பது என்ன? வன்தட்டு, வருடி, நாடாப் பதிவி போன்ற பல கருவிகளை ஒரே கேபிளில் வரிசையாகக் கோத்துக் கணினியோடு பேச வைக்கும் முறைதான் அது. அலன் ஷுகார்ட் என்பவர் 1973-இல் தொடங்கிய நிறுவனம், அவர் விலகிச் சென்ற பிறகு உருவாக்கிய ஒரு முறையே இதற்கு மூலம். 1986-இல் அது அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த மெக்கின்டோஷ் பிளஸ் கணினி ஸ்கஸி இணைப்போடு விற்பனைக்கு வந்தது. அச்சகங்கள் மெக்கின்டோஷை விரும்பி வாங்கியதால், அச்சகத் தொழிலாளரான நம் நண்பரின் கைக்கும் ஸ்கஸி வந்து சேர்ந்தது.

இத்தட்டுகள் நமக்கு அயலானவை அல்ல. அதே ஷுகார்ட் 1979-இல் தொடங்கிய சீகேட் நிறுவனம் 1982-இல் சிங்கப்பூரில் தொழிற்சாலை அமைத்தது. பின்னர் பினாங்குக்கும் வந்தது. எனவே பழைய தட்டுகளின் வில்லையில் சிங்கப்பூர், மலேசியா என்ற பெயர்களை அடிக்கடி காணலாம். 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்ட சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையிலிருந்து நாங்களும் முன்பு ஒரு தட்டை வாங்கி வைத்திருந்தோம்.

பழைய தட்டு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பின்புறத்தில் உள்ள இணைப்பு. 50 ஊசி உள்ளது பழைய குறுகிய வகை. 68 ஊசி உள்ளது அகல வகை. 80 முனை உள்ளது பெரிய நிறுவனங்களின் சர்வர் கணினியிலிருந்து கழற்றியது. இதற்கு மின்சாரமும் அந்த ஒரே இணைப்பு வழியாகவே செல்வதால், வீட்டில் பொருத்தத் தனி மாற்றி தேவை. எச்விடி என்று குறிக்கப்பட்ட தட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மின்குறி முறை வேறு. சாதாரண ஸ்கஸியோடு சேர்த்தால் கருவிகள் பழுதாகலாம்.

அடுத்து, கணினியில் ஸ்கஸி அட்டை ஒன்று வேண்டும். அடாப்டெக் 2940 போன்ற அட்டைகள் பிசிஐ பள்ளத்தில் செருகப்படுபவை. இன்றைய புதிய கணினிகள் பலவற்றில் அந்தப் பள்ளமே இல்லை. ஆகவே 2000-ஆம் ஆண்டுவாக்கில் வந்த பழைய மேசைக் கணினி ஒன்று இதற்குப் பொருத்தமானது. அதில் லினக்ஸ் நிறுவினால் இத்தகைய அட்டையை அது அடையாளம் கண்டுகொள்ளும்.

இனி இரண்டு விதிகளைக் கவனியுங்கள். ஸ்கஸியின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதல் விதி, ஒவ்வொரு கருவிக்கும் தனி எண். தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். கிராணியார் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் 'இருக்கிறேன்' என்றால் என்ன ஆகும்? பேரேட்டில் குழப்பம்தான். குறுகிய வகையில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள் உண்டு. அகல வகையில் 0 முதல் 15 வரை பதினாறு எண்கள். கிராணியாராகிய அட்டை வழக்கமாக 7-ஐ வைத்துக்கொள்ளும். தட்டின் எண்ணை, ஊசிகளின் மேல் ஜம்பர் என்னும் சிறு மூடியைச் செருகி அமைக்கிறோம். ஊசி இணைகளுக்கு 1, 2, 4 என்று மதிப்பு உண்டு. எண் 5 வேண்டுமானால் 4-க்கும் 1-க்கும் மூடி போட வேண்டும். எதுவும் போடாவிட்டால் 0. எந்த ஊசிக்கு எந்த மதிப்பு என்பது தட்டுக்குத் தட்டு மாறும். வில்லையில் உள்ள படத்தைப் பார்த்தே செய்யுங்கள்.

இரண்டாம் விதி, வரிசையின் இரு முனைகளிலும் முடிவுத்தடை. தொழிலில் இதை டெர்மினேட்டர் என்பர். குளத்தில் கல்லெறிந்தால் அலை சிமெண்டுக் கரையில் மோதித் திரும்பி வருகிறது. புல் அடர்ந்த கரையில் அடங்கிவிடுகிறது. கேபிளில் ஓடும் மின்குறியும் அப்படித்தான். முனை வெறுமையாக இருந்தால் எதிரொலி திரும்பி வந்து செய்தியைக் குலைக்கும். முடிவுத்தடையே அந்தப் புல். அது இரு கோடிகளில் மட்டும் இருக்க வேண்டும். நடுவில் இருக்கக் கூடாது. பழைய தட்டுகளில் தடையைத் தட்டிலேயே வைத்திருப்பார்கள். எல்விடி எனப்படும் பிற்காலத் தட்டுகளில் அது இல்லை. கேபிளின் கடைசியில் தனியாகச் செருக வேண்டும்.

நாங்கள் இந்த இரண்டிலும் தவறினோம். ஆசை மிகுதியால், சந்தையில் வாங்கிய தட்டையும் நண்பரின் தட்டையும் ஒன்றாகக் கோத்தோம். இரண்டுக்கும் எண் 0. கணினி எதையும் ஒழுங்காகக் காணவில்லை. ஒன்றை 1 என்று மாற்றிய பிறகு இரண்டும் தெரிந்தன. ஆனால் படங்களை நகல் எடுக்கும்போது வேலை பாதியிலேயே நின்றது. தட்டு கெட்டுப்போயிற்று என்று நண்பரின் முகம் வாடியது. பிறகு பார்த்தால், நடுவில் இருந்த தட்டிலும் முடிவுத்தடை இருந்தது. பிழை எங்களுடையது.

கேபிள் நீளத்திலும் கவனம் வேண்டும். பழைய முதல் வகைக்கு 6 மீட்டர் வரை போகலாம். வேகம் கூடிய ஃபாஸ்ட் வகைக்கு 3 மீட்டர். மின்சாரத்தைத் துண்டித்து, கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, அதன் பிறகே தட்டைக் கையில் எடுங்கள். நிமிடத்துக்கு 10,000 அல்லது 15,000 முறை சுழலும் சர்வர் தட்டுகள் மிகவும் சூடாகும். நம் ஊர் வெப்பத்தில் அவற்றின் எதிரே ஒரு காற்றாடி கட்டாயம் தேவை.

தட்டு வேலை செய்யத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழும். அதில் உள்ளது நமக்கு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம் என்றால் முழுவதையும் அழித்து எழுதுங்கள். சந்தையில் வாங்கிய தட்டில் யாரோ ஒருவருடைய கணக்கு வழக்குகள் இருந்தன. அவற்றைப் படிப்பது பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். படிக்காமல் அழித்தோம். அட்டையின் சொந்தப் பட்டியலில் உள்ள 'ஃபார்மட்' கட்டளை தட்டு முழுவதையும் துடைத்துவிடும். அது நடக்கும்போது மின்சாரம் போனால், மறுபடியும் முதலிலிருந்து செய்யும்வரை தட்டு பயன்படாது. இடி மின்னல் நேரத்தில் தொடங்காதீர்கள்.

வேண்டும் என்றால் அந்தக் கட்டளையின் பக்கமே போகாதீர்கள். வேறு தட்டுகளைக் கழற்றிவிட்டு, அதை மட்டும் இணைத்து, எதுவும் எழுதாமல், முதலில் முழு நகல் எடுங்கள். டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பழைய தட்டு எந்த நேரத்திலும் நின்றுவிடலாம். ஆகையால் இந்த வரிசை முக்கியம்.

நாங்களும் கடைசியில் அப்படியே செய்தோம். பெரும்பாலான படங்கள் பிழைத்தன. சில படங்கள் பாதியோடு சாம்பல் நிறமாகிவிட்டன. கோயில் திருவிழாப் படம் ஒன்றில், லயத்து வாசலில் தம் தாயார் நிற்பதைக் கண்டதும் நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

அன்றே அந்தப் படங்களை இரண்டு புதிய இடங்களில் பதிந்தோம். ஒன்று அவர் வீட்டில், மற்றொன்று குளுவாங்கில் உள்ள அவர் மகள் வீட்டில். நேயர்களே, பழைய தட்டை வாங்குங்கள், பொருத்துங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உலகில் ஒரே ஒரு பிரதியாக உள்ள பொருளை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு பெட்டி தூங்கிக்கொண்டிருந்தால், அது சுழலும் நிலையில் இருக்கும்போதே எழுப்பிப் பாருங்கள்.