கார் பேட்டரி அடிக்கடி சார்ஜ் இறங்குதல்

முதல் நாள் ஓடிய கார் மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பினால் ஓடுகிறது. இரண்டொரு நாளில் மீண்டும் படுத்துவிடுகிறது. இந்நிலையில் பெரும்பாலோர் உடனே புதிய பேட்டரி வாங்குகின்றனர். கோளாறு பேட்டரியில் இல்லையெனில் சில ஆயிரம் ரூபாய் வீணாவதோடு, புதிய பேட்டரியும் அதே வழியில் கெட்டுவிடும்.

மாடித் தொட்டியில் காலையில் தண்ணீர் இல்லையென்றால் தொட்டி விரிசல் விட்டிருக்கலாம், மோட்டார் போதிய நீரை ஏற்றாமல் இருக்கலாம், அல்லது எங்கோ குழாய் ஒழுகலாம். காரிலும் ஆராய வேண்டியவை இவையே: பேட்டரியின் நிலை, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், வண்டி நிற்கும்போது நடக்கும் மின்கசிவு.

பேட்டரியின் நிலை

பெட்ரோல், டீசல் கார்களில் உள்ளது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. இதனுள் ஆறு அறைகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருவதால் மொத்தம் 12.6 வோல்ட் கிடைக்கும். மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் உருவாகும். சார்ஜ் ஏறும்போது அது மீண்டும் கரையும். இறங்கிய நிலையிலேயே பல நாள் விட்டுவைத்தால் சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். அதன்பின் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஒவ்வொரு முறை முழுவதுமாக இறங்கும்போதும் பேட்டரியின் ஆயுள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்துக் காலையில் அளக்க வேண்டும். ஓடி நின்ற உடனே அளந்தால் உண்மைக்கு மேலான அளவே காட்டும். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0-க்குக் கீழ் என்றால் மிகக் குறைவு. நன்கு சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால் ஓர் அறை செயலிழந்திருக்கலாம். அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். 12.6 காட்டினாலும், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே தமிழ்நாட்டு வெயிலில் மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்த பேட்டரி ஓய்ந்துபோவதில் வியப்பில்லை.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்க வேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது அது கடைசியில். தளர்ந்த முனை ஒன்றே எல்லாத் தொல்லைக்கும் காரணமாக இருப்பதும் உண்டு.

சார்ஜ் ஏறுகிறதா?

எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். சில புதிய கார்களில் கணினி இதனைக் கூட்டிக் குறைக்கும். எஞ்சின் ஓடியும் அளவு 12.5-ஐத் தாண்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி 'வண்டி நிற்கிறதா பார்ப்போம்' என்று சோதிக்கும் பழைய முறை இன்றைய கார்களுக்கு ஆகாது. திடீரென எழும் மின்னழுத்தம் மின்னணுப் பாகங்களைப் பழுதாக்கிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் போதாமல் போகலாம். தினமும் கடைத்தெரு வரை மட்டும் சென்று திரும்பும் காரில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் மீண்டும் ஏறுமுன்பே எஞ்சின் அணைக்கப்படுகிறது.

நிற்கும்போது நடக்கும் கசிவு

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்தும் சார்ஜ் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். பூட்டிய காரிலும் கடிகாரம், திருட்டுத் தடுப்புக் கருவி, கணினி நினைவகம் ஆகியவை சிறிது மின்சாரம் எடுக்கும். இது 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. சிறிய கார்கள் பலவற்றிலுள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியை 50 மில்லிஆம்பியர் காலிசெய்ய 700 மணி நேரம், அதாவது 29 நாள் ஆகும். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கும்; அது நான்கே நாளில் காலிசெய்துவிடும். பாதி இறங்கினாலே ஸ்டார்ட் ஆவது சிரமம் என்பதால், நடைமுறையில் இரண்டு நாளிலேயே வண்டி படுத்துவிடும்.

அளப்பதற்கு எதிர்முனை வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் வயருக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைக்க வேண்டும். மீட்டரை இந்த நிலையில் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துவிடக் கூடாது. சாவியைத் திருப்பவும் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை மீட்டர் தாங்காது. இணைத்தவுடன் அளவு அதிகமாகவே இருக்கும். கணினிகள் உறங்கச் சில கார்களில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை கதவைத் திறக்காமல் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையின்றி அளந்து, இல்லாத கசிவைத் தேடி அலைவோர் உண்டு.

அதன்பின்னும் அளவு அதிகமெனில் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு. வெளிக்கடைகளில் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றை முதலில் சந்தேகிப்பது நல்லது. சாவியை எடுத்ததும் அணைய வேண்டிய இவற்றை நேரடியாகப் பேட்டரியோடு இணைத்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. எந்த ஃபியூஸைக் கழற்றியும் அளவு இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகி, அதன் வழியே மின்சாரம் திரும்பி ஓடக்கூடும். எஞ்சின் நின்று நேரமான பிறகும் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருப்பது இதற்கு ஓர் அடையாளம்.

பேட்டரியை மாற்றியே ஆக வேண்டுமெனில் ஆம்பியர்-மணி அளவும், நேர்முனை எந்தப் பக்கம் உள்ளது என்பதும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரியிலும் சல்பேட் படிந்திருக்கும் என்பதால் தயாரித்த மாதத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்திக் கிளப்பும் வகைக் கார்களுக்கு அதற்கென்றே செய்த பேட்டரி தேவை. சாதாரணமானது விரைவில் ஓய்ந்துவிடும்.