ஊர் பெயரில் ஒரு கழகம்: இமாபாரியின் உதைபந்தாட்டம்

2021 மார்ச் மாதம் சுயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, ஆறு நாட்கள் உலக வணிகத்தையே மறித்து நின்ற 'எவர் கிவன்' கப்பல் பலருக்கும் நினைவிருக்கும். 400 மீற்றர் நீளமான அந்தக் கப்பலைக் கட்டியதும், அதற்கு உரிமை கொண்டிருந்ததும் ஜப்பானின் இமாபாரி என்ற கரையோர நகரத்து நிறுவனங்கள். சிக்கொக்கு தீவின் வடகரையில் இருக்கும் இந்நகரில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வாழ்கிறார்கள். கப்பல் கட்டுவதும் துவாய் நெய்வதும் அவர்களுடைய பெயர்போன தொழில்கள். அவர்களுக்கென்று ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகமும் இருக்கிறது. அதன் பெயர் எஃப்.சி. இமாபாரி.

கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கும் நாங்கள் இந்தக் கழகத்தை அறிந்துகொள்ள வேண்டிய காரணம் உண்டு. தலவிலயிலோ கந்தக்குளியிலோ வெயில் தாழ்ந்ததும் மணலில் பந்து உருளாத நாள் குறைவு. ஆடுகிற கால்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த ஆட்டம் பள்ளிப்பருவத்தோடு நின்றுவிடாமல் ஒரு கழகமாக, ஊரின் சொத்தாக எப்படி வளர்கிறது என்பதை இமாபாரி தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் ஜப்பானின் பின்னணி. 1965இல் தொடங்கிய அந்நாட்டு லீக்கில் ஆடியவை பெரும்பாலும் கம்பனி அணிகள். வீரர்கள் கம்பனி ஊழியர்களாக இருந்தார்கள். மிட்சுபிஷி, நிசான், மஸ்தா என்று அணிகளின் பெயரும் கம்பனியின் பெயர்தான். மைதானங்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. 1993 மே 15 அன்று முதல் போட்டியை நடத்திய ஜே லீக் இதை மாற்ற முனைந்தது. ஒவ்வொரு கழகமும் தனக்கென ஓர் ஊரை வரித்துக்கொள்ள வேண்டும், பெயரில் ஊர் இருக்க வேண்டும், சிறுவர் அணிகளை வளர்க்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது. மஸ்தா அணி சன்ஃபிரெச்சே ஹிரோஷிமா ஆனது.

பெயரை மாற்றினால் போதுமா? போதாது என்பதை யொகொஹாமா ஃப்ளூகெல்ஸ் கழகத்தின் கதை சொல்லும். 1998 ஒக்டோபரில், பணம் போட்ட கம்பனிகள் கைவிரித்ததால், அக்கழகம் அதே நகரத்து மரினோஸ் கழகத்தோடு இணைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இரசிகர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், முடிவு மாறவில்லை. கலைக்கப்படவிருந்த அந்த அணி, 1999 ஜனவரி முதலாம் திகதி தன் கடைசிப் போட்டியில் பேரரசர் கிண்ணத்தை வென்றது. இரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பணம் சேர்த்து, யொகொஹாமா எஃப்.சி. என்ற புதிய கழகத்தை உருவாக்கினார்கள். அது பின்னர் முதற்பிரிவு வரை ஏறியது.

இப்படி ஏறுவதற்கு அங்கே ஒரு படிக்கட்டு இருக்கிறது. இன்று ஜே லீக்கின் மூன்று பிரிவுகளிலும் தலா 20 கழகங்கள், மொத்தம் 60. இரண்டாம் பிரிவு 1999இலும் மூன்றாம் பிரிவு 2014இலும் வந்தன. அவற்றுக்குக் கீழே நாடளாவிய ஜே.எஃப்.எல்., அதற்கும் கீழே பிராந்திய லீக்குகள். மேலே ஏற வெற்றி மட்டும் போதாது. மைதானம், கணக்கு வழக்கு, இளையோர் அணிகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் உரிமம் கொடுக்கிறார்கள்.

இமாபாரி தொடங்கியது இந்தப் படிக்கட்டின் அடியில். 1976இல் ஓனிஷி என்ற சிற்றூரின் பெயரில் பிறந்த கழகம் அது. சில தடவை பெயர் மாறி, 2012இல் எஃப்.சி. இமாபாரி ஆனது. 2014இல் அது ஐந்தாம் நிலையான சிக்கொக்கு பிராந்திய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, தக்கேஷி ஒக்காடா அதன் பெரும்பங்கை ஏற்றார். ஜப்பான் முதன்முதலாக உலகக் கிண்ணத்தில் ஆடிய 1998இலும், மறுபடி 2010இலும் தேசிய அணியைப் பயிற்றுவித்தவர் அவர். நாட்டின் எந்தப் பெரிய கழகமும் அவருக்கு வாசலைத் திறந்திருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது ஒரு சின்ன ஊரை. பிள்ளைப் பருவத்திலிருந்தே ஒரே ஆட்டமுறையைப் பழக்கி, அதையே முதல் அணி வரை கொண்டுபோவது அவருடைய திட்டம்.

ஒக்காடாவோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொருவர் யூயிச்சி கொமானோ. 2010 ஜூன் 29, பிரிட்டோரியா. பரகுவேயுடனான உலகக் கிண்ணப் போட்டி 120 நிமிடமும் கோலின்றி முடிந்து, பெனல்டிக்குப் போனது. ஜப்பானின் மூன்றாவது உதை கொமானோவுடையது. பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது, ஜப்பான் வெளியேறியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 37 வயதில், அவர் அதே ஒக்காடாவின் கழகத்துக்கு வந்தார். அப்போது இமாபாரி நான்காம் நிலையில் இருந்தது. அந்த ஆண்டே அது மூன்றாம் பிரிவுக்குத் தேறியது. 2022இல் ஓய்வு பெறும்வரை கொமானோ அங்கேயே ஆடினார். அனுபவமுள்ள ஒருவர் தினமும் பக்கத்தில் நின்று ஆடுவது இளம் வீரர்களுக்கு எத்தனை பெரிய பாடம்!

மைதானமும் படிப்படியாகவே வந்தது. மூன்றாம் பிரிவுக்குத் தேவையான அளவில், ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கொள்ளும் முதல் மைதானம் 2017இல் திறந்தது. 2023இல் சற்றே பெரிய சத்தொயாமா மைதானம் வந்தது. பின்னர் விரிக்கலாம் என்ற திட்டத்தோடு அதைச் சிறிதாகவே கட்டினார்கள்; போட்டியில்லாத நாட்களிலும் ஊரார் வந்து போகும் இடமாக வடிவமைத்தார்கள். 2024 ஏப்ரலில் கழகத்தின் பெயரிலேயே ஓர் உயர்நிலைப் பாடசாலை தொடங்கியது. அதே ஆண்டு மூன்றாம் பிரிவில் இரண்டாமிடம் பெற்று, 2025இல் இமாபாரி இரண்டாம் பிரிவில் கால்வைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கின் பத்து அணிகளில் டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் ஆகிய மூன்றும் முப்படைகளின் அணிகள். வீரருக்கு மாதச் சம்பளமும் நிலையான வேலையும் தருவதால் படை அணிகளுக்கு என்றும் மவுசு உண்டு. ஜப்பானின் பழைய கம்பனி அணிகளும் அப்படித்தான் வீரர்களைக் காத்தன. ஆனால் அதே பத்தில் எங்கள் புத்தளம் மாவட்டத்து வென்னப்புவவின் நியூ யங்ஸ் கழகமும் இருந்தது. கரையோர ஊரொன்றின் கழகம் நாட்டின் மேல்தட்டு வரை போக முடியும் என்பதற்கு அதைவிட அருகில் சான்று வேண்டாம்.

கரைவலையைச் சம்மாட்டி வாங்கலாம். ஆனால் இரு கயிற்றையும் பிடித்து இழுக்க ஊர் திரண்டால்தான் மடி கரைக்கு வரும். கழகமும் அப்படியே. ஒக்காடா போன்ற ஒருவர் நமக்குக் கிடைக்காமல் போகலாம். அவருக்கு முன்பே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பெயர் தெரியாத மனிதர்கள் அந்தக் கழகத்தைக் கலைந்துபோகாமல் காத்தார்கள். அவர்களைப் போல நாமும் ஒரு கழகத்தைக் காக்கலாம். அதற்கு வேண்டியவை: 12, 15, 18 வயதுகளுக்குத் தனித்தனி அணி, ஆண்டு முழுவதற்கும் போட்டி அட்டவணை, யாரும் பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகம், விற்கவோ அடைக்கவோ விடாத ஒரு மைதானம். இந்த நான்கையும் விடாமல் நடத்துகிற ஊருக்கு, அதன் பெயரைச் சொல்லும் கழகம் ஒருநாள் நிச்சயம் அமையும்.