வாசலைவிட்டு விலகிப்போன சபை

கிணற்றடிக்குப் பக்கத்து வடிகானில் கழிவுநீர் தேங்கி நாறுகிறது. மஃரிபுக்குப் பிறகு ஒழுங்கையில் விளக்கு எரிவதில்லை. சந்தையில் கொட்டிய மீன் கழிவை நாய் இழுத்துக்கொண்டு நம் படலையடிக்கு வருகிறது. இவற்றுக்காக நாம் ஜனாதிபதியிடம் போவதில்லை; பாராளுமன்றத்துக்கும் போவதில்லை. போகவேண்டிய இடம் ஊரிலுள்ள சபைதான். ஆனால் சகோதரிகளே, அந்தச் சபையின் படியை நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு இப்பால், மூதூரிலிருந்து சம்பூர் போகும் வழியில் இருப்பது கட்டைபறிச்சான். தமிழ் மக்கள் வாழும் கிராமம். கூப்பிடு தூரத்தில் முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் மூதூர். கடலும் வயலும் போல இரண்டுக்கும் சபையும் ஒன்றுதான்: மூதூர் பிரதேச சபை. இந்தச் சபை எப்படி வந்தது, இதற்கு முன் என்ன இருந்தது என்று தேடினால், நம் அடுப்படிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலுள்ள தூரம் காலத்துக்குக் காலம் கூடியும் குறைந்தும் வந்திருப்பது தெரிகிறது.

கொட்டியாரம் பழைய பெயர். 1660ஆம் ஆண்டு ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் இந்தக் கரையில்தான் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். வெள்ளைக்காரன் ஆட்சி வந்தபின் கொட்டியார்பற்று என்ற பெயரில் இப்பகுதி ஒரே நிர்வாகப் பிரிவாக இருந்தது. பின்னாளில் அதுவே மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று எனப் பிரிந்தது. ஊரில் அரசாங்கத்தின் முகம் விதானையார். அவருக்கு மேலே உடையார், அதற்கும் மேலே கச்சேரி. எல்லாம் மேலிருந்து கீழே வந்த அதிகாரம்.

ஊரார் தாமே கூடித் தீர்மானிக்க ஒரு வாசலைத் திறந்தது 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம். குளம், வாய்க்கால், வயல் வேலி, மாடு மேய்ச்சல் ஆகியவற்றுக்கு ஊரே விதி செய்யலாம் என்றது. நல்ல காரியந்தான். ஆனால் அன்றைய ஊர்க்கூட்டம் ஆண்களின் கூட்டம். தண்ணீர் சுமந்தவளிடம் வாய்க்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தபோது ஆசியாவிலேயே நாம் முந்திக்கொண்டோம். பின்னர் கிராமச் சங்கங்கள் வாக்கெடுப்பால் தெரிவாகும் சபைகளாக வளர்ந்தன. பட்டினங்களுக்குப் பட்டின சபை, அதைவிடப் பெரிய ஊர்களுக்கு நகர சபை, மாநகர சபை என்று ஒழுங்கு அமைந்தது.

'வீ.சி.' என்றால் நம் மூத்தவர்களுக்கு உடனே புரியும். வில்லேஜ் கவுன்சில்! கிழக்கில் சில ஊர்களில் வி.சி. வீதி என்ற பெயர் இன்றும் மாறவில்லை. கிறவல் போட்ட ஒழுங்கை, பொதுக் கிணறு, ஒரு சிறு வாசிகசாலை, சந்தைக் கொட்டகை. பணம் குறைவு, அதிகாரமும் குறைவு. ஆனாலும் உறுப்பினர் அடுத்த தெருக்காரர். அவருடைய மனைவியிடம் சொன்னாலே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வெளியே போய்ப் பேச வழியில்லாத பெண்ணுக்கு அது ஒரு பாதையாக இருந்தது.

1981இல் அந்தப் பாதை அடைபட்டது. மாவட்ட அபிவிருத்தி சபைகள் என்று 24 பெரிய சபைகள் அமைக்கப்பட்டு, நாடு முழுவதும் இருந்த 83 பட்டின சபைகளும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராம சபைகளும் ஒரேயடியாகக் கலைக்கப்பட்டன. அதிகாரப் பரவலாக்கம் என்றார்கள். மாவட்டத் தலைநகருக்கு அது பரவலாக்கமாக இருக்கலாம். கட்டைபறிச்சானில் இருப்பவருக்கு? சபை கடலுக்கு அப்பால் போய்விட்டது! அந்நாளில் மூதூரிலிருந்து திருகோணமலை போவதென்றால் லோஞ்சு ஏறவேண்டும். அல்லது தரைவழியே ஆற்றுக்கு ஆறு 'பாதை'யில் ஏறி இறங்கவேண்டும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். மற்றப் பாலங்கள் 2011இல். அதுவரை அந்தக் கஷ்டந்தான். பழைய சபைக் கட்டடங்கள் உப அலுவலகங்களாக இருந்தன. மேசை இருந்தது, எழுதுவினைஞர் இருந்தார்; கேள்வி கேட்க ஊரின் பிரதிநிதிதான் இல்லை.

அந்தத் தவறு விரைவிலேயே உணரப்பட்டது போலும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 1988 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. சபை திரும்பி வந்தது. கிராமத்துக்கல்ல, பல கிராமங்கள் சேர்ந்த பிரதேசத்துக்கு. கல்முனைப் பக்கத்துச் சாய்ந்தமருது மக்கள் தமக்குத் தனிச் சபை கேட்டுப் போராடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. 2020 பெப்ரவரியில் அவர்களுக்கு நகர சபை என்று வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் பிரதி, நிவாரணம் இவை செயலகத்தின் வேலை. அங்கிருப்பவர் அரசாங்க உத்தியோகத்தர். பொதுச் சுகாதாரம், ஊர் வீதி, பொது வசதிகள் சபையின் வேலை. தெரு விளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை, கட்டட அனுமதி, இறைச்சிக்கடைக் கேள்விப்பத்திரம் எல்லாம் இதில் அடங்கும். தவிசாளரும் உறுப்பினரும் நம் வாக்கால் வருபவர்கள். சோலைவரி வாங்குவதும் சபைதான். ஆகவே கேட்க உரிமை உண்டு.

சபை வந்தாலும் தேர்தல் வரவேண்டுமே! யுத்தம் விடவில்லை. கிழக்கில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 1994 மார்ச்சில். அதன்பின் ஒத்திவைப்புக்குமேல் ஒத்திவைப்பு. 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது கட்டைபறிச்சான் இரு தரப்புக்கும் நடுவே எல்லையாக நின்றது. இராணுவச் சோதனைச் சாவடிக்கு அப்பால் புலிகளின் சம்பூர். 2006 மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்தில் வாக்களிப்பு நடந்தது. அடுத்த மாதமே குண்டு வீச்சு. சம்பூர் மக்கள் ஓடினார்கள். ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கைக்குழந்தைகளோடு கந்தளாய் நோக்கி நடந்தார்கள். சபைக்கு ஆள் தெரிவு செய்தவர்கள் அகதி முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். சம்பூர்க் குடும்பங்கள் பல கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்காகத் தங்கின. காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்தான்.

பெண்களின் கதைக்கு வருவோம். 1949இலேயே ஆயிஷா ரவூப் என்ற முஸ்லிம் பெண்மணி கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். பின்னர் பிரதி மேயராகவும் இருந்தார். கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராயிருந்து நம் பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் அவர். அவ்வளவு முன்னே ஒருவர் போயிருந்தும், அறுபது ஆண்டு கழித்தும் நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது. 2018 பெப்ரவரி 10ஆந் திகதித் தேர்தலில் அந்தத் தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டியது.

ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டாரத்தில் நேரே நிற்கும் வேட்பாளரில் பத்து வீதம் பெண்கள் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதிப்பேர் பெண்கள். ஆகவே பெரும்பாலான சகோதரிகள் பட்டியல் வழியாகவே உள்ளே போனார்கள். சொந்த வட்டாரம் இல்லாத உறுப்பினரிடம் எந்தத் தெருக்காரி போய் முறையிடுவாள்? பெயருக்கு மனைவியையும் தங்கையையும் நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குக் காக்காமார் குறிப்பு எழுதிக்கொடுத்த இடங்களும் இல்லாமலில்லை. என்றாலும் நாற்காலி நாற்காலிதான். உட்கார்ந்தவள் ஒருநாள் வாய் திறப்பாள்.

சபையின் அலட்சியம் உயிரையும் தொடும் என்பதை நம் மாவட்டம் கண்டிருக்கிறது. 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை, பாலம் வேலை நடந்துகொண்டிருந்த கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை ஏற்றிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் மௌத்தானார்கள். படகுக்கு அனுமதி தந்தது யார், அதன் பாதுகாப்பைப் பார்த்தது யார் என்ற கேள்வி அன்றே உள்ளூராட்சி சபையின் வாசலுக்கு வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்று நின்றது. சபைகளின் காலம் அந்த மாதம் 19ஆந் திகதி முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக உத்தியோகத்தர்கள் மட்டும் நடத்தினார்கள். அந்தத் தாமதம் மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதிதான் வாக்குப்பெட்டி வந்தது.

உறுப்பினர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் கையில் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். நம் ஒழுங்கைக்கு விளக்குப் போட இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எங்கே செலவழித்தார்கள் என்று கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாத உம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள வேண்டியது சபையின் தகவல் அலுவலரின் கடமை.