குட்டிக்குப் போக மிஞ்சும் பால்

வெள்ளாட்டின் மடியில் ஊறும் பாலில் மனிதர் கறந்துகொள்வது குட்டிக்குப் போக மிஞ்சும் பங்கு மட்டுமே. அந்தப் பங்கீட்டை ஆட்டின் உடலமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், ஒரு சிறிய ஆட்டுப் பட்டியில் விடியல் முதல் அந்தி வரை நடக்கும் வேலைகளின் காரணமும் வரிசையும் விளங்கத் தொடங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ள சுந்தரபாண்டியத்தை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டமும், தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் கன்னி ஆட்டின் தாயகமாகும். கரிய உடலும் முகத்தின் இருபுறமும் இறங்கும் கோடுகளும் கொண்ட இவ்வினத்தில், கோடுகள் வெண்மையாக இருப்பதைப் பால்கன்னி என்றும், செம்பழுப்பாக இருப்பதைச் செங்கன்னி என்றும் அழைப்பர். பெயரில் உள்ள பால் நிறத்தைக் குறிக்கிறதே தவிர மிகுந்த கறவையைக் குறிக்கவில்லை. வறட்சியைத் தாங்குவதும் இரட்டைக் குட்டி ஈனுவதுமே இதன் சிறப்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பசும்பாலில் கிண்டப்படுவது. ஆட்டுப்பாலோ பெரும்பாலும் வீட்டுத் தேவையோடு நின்றுவிடுகிறது.

ஏறத்தாழ ஐந்து மாதச் சினைக்குப் பின் பிறக்கும் குட்டி, நோயெதிர்ப்புப் புரதங்கள் ஏதுமின்றியே பிறக்கிறது என்று சொல்லலாம். ஏனெனில் ஆட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கருவுக்குள் கடத்துவதில்லை. சீம்பாலில் செறிந்துள்ள அப்புரதங்களைச் செரிக்காமல் முழுதாக உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் ஒரு நாள் அளவே இருப்பதாலும், அத்திறன் மணிக்கு மணி குறைந்துகொண்டே வருவதாலும், ஈன்ற சில மணி நேரத்துக்குள் குட்டியைக் காம்பில் சேர்ப்பதைவிட முக்கியமான வேலை பட்டியில் வேறில்லை.

சீம்பால் நாட்கள் கடந்தபின், அந்தியில் குட்டிகளைக் கொடாப்புக்குள் அடைத்துத் தாயிடமிருந்து பிரிப்பதும், விடியலில் கறந்தபின் குட்டியை ஊட்ட விடுவதும் தொடங்குகின்றன. பசுவின் மடியில் பெரும்பகுதிப் பால் நுண்ணிய சுரப்பறைகளிலேயே தங்கிவிட, ஆட்டின் மடியிலோ பெரும்பகுதி காம்புக்கு மேலுள்ள பால் தொட்டி எனப்படும் அகன்ற அறைக்கு இறங்கிச் சேர்ந்துவிடுவதால், குட்டி முட்டாமலேயே அதில் கணிசமானதைக் கறந்துவிட முடிகிறது. இரட்டைக் குட்டி ஈன்ற ஆட்டில் ஒரு காம்பை மட்டும் கறந்து மறு காம்பைக் குட்டிகளுக்கு விடும் வழக்கமும் உண்டு. சிக்கனமும் இரக்கமும் ஒன்றுசேர்ந்த ஏற்பாடு அது.

கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பது நலம் தரும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. மால்டா தீவில் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்கான நுண்ணுயிரை 1887இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அது நலமாகத் தோன்றும் ஆடுகளின் பால் வழியே பரவுகிறது என்பதை 1905இல் தெமிஸ்டொகிளிஸ் சாமித் வெளிப்படுத்தினார். புருசெல்லா என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிருமி பாலைக் காய்ச்சினால் மடிந்துவிடும். காய்ச்சினாலும் தீராத குறை ஒன்று உண்டு: இரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலம் ஆட்டுப்பாலில் மிகக் குறைவாதலால், தாய்ப்பாலுக்கு மாற்றாக அதை மட்டுமே புகட்டி வளர்க்கும் கைக்குழந்தைக்கு இரத்தசோகை உண்டாகிறது.

பாலின் அளவைத் தீர்மானிப்பது மேய்ச்சலும் தழையும். வேல நெற்றும் அகத்தியும் தாண்டி, சூபாபுல் என்னும் சவுண்டல் மரத்தழையையும் ஆடு விரும்பித் தின்னும். ஆனால் அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள், அளவு மீறினால் முடி உதிர்தலையும் கழுத்துச் சுரப்பி வீக்கத்தையும் உண்டாக்கும். ஆஸ்திரேலியக் கால்நடைகளை வருத்திய இந்தத் தழை ஹவாய்த் தீவின் ஆடுகளுக்குத் தீங்கு செய்யாததைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அறிவியலாளர், காரணம் அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் என்று ஊகித்து, 1980களில் அவற்றை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தி அதை மெய்ப்பித்தார். நஞ்சைச் சிதைக்கும் அந்த உயிரிக்கு 1992இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆட்டுக்கு எது தீவனம், எது நஞ்சு என்பதைத் தழை மட்டுமன்றி அதன் வயிற்றில் குடியிருப்போரும் முடிவு செய்கின்றனர் என்பது வியக்கத்தக்க செய்தி.

பிறந்த குட்டியிடம் அந்தக் குடியிருப்பு இன்னும் அமையவில்லை. அது உறிஞ்சும் பால், உணவுக்குழலின் முடிவில் தானே மூடிக்கொள்ளும் ஒரு மடிப்பின் வழியாக முதல் இரைப்பையைத் தவிர்த்து நேரே நான்காம் இரைப்பைக்குச் சென்றுவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குட்டி தழையைக் கொறிக்கத் தொடங்கியதும் நுண்ணுயிர்கள் குடியேறி, முதல் இரைப்பை விரிந்து, பாலின் தேவை படிப்படியாகக் குறைகிறது. கொட்டகையின் குறுக்குக் கழியில், குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில், நாள்தோறும் கட்டித் தொங்கவிடப்படும் அகத்திக் கொத்து குட்டியின் வயிற்றை இப்படிப் பழக்கிக்கொண்டிருக்க, அது கொறிக்கும் ஒவ்வொரு இலைக்கும் ஈடாகக் கறவைப் பாத்திரத்துக்குச் சிறிது பால் மிஞ்சுகிறது.